ரிப்ளெக்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றும் புதுச்சேரியைச் சேர்ந்தவை. ஆனால் ஒன்று காவிரிப் பக்கம், ஒன்று கேரளக் கரை, ஒன்று கோதாவரிக் கரை. நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) இந்த மூன்று ஊர்க் கிளைகளும் தங்களுக்குள் நேரடியாக எழுதிக்கொள்வது அபூர்வம். எல்லாத் தபாலும் தலைமையிடத்துக்கு வரும், அங்கிருந்து சுற்றறிக்கையாக எல்லோருக்கும் போகும். டைப்ரைட்டர் பழுது பார்க்க இன்ன கடை என்று தலைமையிடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதும். அது பெரும்பாலும் புதுச்சேரிக் கடையாகத்தான் இருக்கும். ஏனாம்காரர்களுக்குக் காக்கிநாடா சுமார் 30 கிலோமீட்டர். காக்கிநாடாக் கடையின் விலைப்பட்டியலும் எங்களுக்கு வந்திருக்கும், கோப்பில் பத்திரமாக இருக்கும். சுற்றறிக்கையில் மட்டும் இருக்காது.

இது இப்போது ஞாபகம் வரக் காரணம், காரைக்காலில் இருக்கும் என் தங்கை. கணவர் காலமான பிறகு, சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு தினமும் மாலையில் வீடியோவில் பேசுவதுதான் அவளுக்கு நாளின் முக்கிய வேலை. அந்தப் பேச்சு சில மாதங்களாக இழுத்து இழுத்து வருகிறது. இவள் கேட்டு முடிப்பதற்குள் அவன் வேறு எதற்கோ பதில் சொல்கிறான். "அவனுக்கு என்னோடு பேசப் பொறுமையில்லை போல" என்று அவள் என்னிடம் சொன்னபோது விஷயம் பெரிதாகிவிட்டது என்று புரிந்தது.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் தம்பி அம்பத்தூரில் நெட்வொர்க் வேலை பார்க்கிறார். தங்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை போடச் சொல்லி, தகவல் போகும் வழியை வரிவரியாக வாங்கிப் படித்தார். காரைக்காலிலிருந்து மும்பை, மும்பையிலிருந்து சிங்கப்பூர்! சென்னையிலிருந்தே சிங்கப்பூருக்கு 2002ஆம் ஆண்டு முதல் நேராகக் கடலடிக் கேபிள் இருக்கிறது, நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். பிறகு ஏன் மும்பை? "காரணம் பல இருக்கலாம் அங்கிள். ஒரு காரணம் ரூட் ரிப்ளெக்டர்" என்றார்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் 'ரெஃப்லெஷீர்' என்றால் பிரதிபலிப்பது என்றும் பொருள், யோசிப்பது என்றும் பொருள். இந்த ரிப்ளெக்டருக்கு இரண்டும் பொருந்தும் என்பதுதான் வேடிக்கை. கண்ணாடி மாதிரி வந்ததை எல்லாம் அப்படியே திருப்பிக் காட்டுவதில்லை, யோசித்து ஒன்றை மட்டும் காட்டும்.

விஷயம் இதுதான். ஒரு இணையக் கம்பெனிக்கு ஊர் ஊராக ரூட்டர்கள் இருக்கும். எந்த வழியாகப் போனால் எங்கே சேரலாம் என்பதை அவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறைக்கு பி.ஜி.பி. என்று பெயர். அதில் ஒரு கண்டிப்பான விதி: கம்பெனிக்குள் இன்னொரு ரூட்டரிடம் கேட்ட சேதியை மூன்றாவது ரூட்டரிடம் சொல்லக்கூடாது, சொன்னால் சேதி வட்டமடிக்கும். அப்படியானால் எல்லோரும் எல்லோரோடும் நேரே பேச வேண்டும். 10 ரூட்டருக்கு 45 பேச்சு. 100 ரூட்டருக்கு 4,950. இது கட்டுப்படியாகாது என்பதால் 1996இல் ரூட் ரிப்ளெக்டர் முறை வந்தது. ஒன்றிரண்டு ரூட்டர்களைத் தலைமையிடமாக வைத்து, மற்றவை அவற்றோடு மட்டும் பேசினால் போதும் என்று ஏற்பாடு. வட்டமடிக்காமல் இருக்க, ரிப்ளெக்டர் ஒவ்வொரு சேதியிலும் தன் முத்திரையைப் போடும். தன் முத்திரையோடு சேதி திரும்பி வந்தால் தள்ளிவிடும். தபால் பிரிவில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, ரிப்ளெக்டர் சொல்வது வழியைத்தான். சரக்கு அதன் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை.

சிக்கல் தேர்வில் இருக்கிறது. ஒரே இடத்துக்குச் சென்னை வாசல், மும்பை வாசல் என்று இரண்டு இருந்து, மற்ற எல்லா வகையிலும் இரண்டும் சமம் என்றால், எந்த வாசல் அருகில் என்று பார்ப்பார்கள். யாருக்கு அருகில்? ரிப்ளெக்டருக்கு! அது மும்பையில் இருந்தால் மும்பை வாசலைத் தேர்ந்து அதை மட்டும் எல்லோருக்கும் சொல்லும். காரைக்கால் பக்கத்து ரூட்டருக்குச் சென்னையில் வாசல் இருக்கும் சேதியே போகாது. தெரியாத வழியை அது எப்படித் தேர்ந்தெடுக்கும்?

வேப்பம்பட்டுக்காரர்களுக்கு இப்படிச் சொல்லலாம். திருப்பதி போக எங்கே ரயில் ஏற வேண்டும் என்று சென்ட்ரலில் இருக்கும் ஒருவரைப் போனில் கேட்டால் "சென்ட்ரலுக்கு வாங்க" என்பார். அவருக்கு அது சரி. நாம் அதை நம்பி ஆவடி, அம்பத்தூர் எல்லாம் தாண்டிக் கிழக்கே போய் ரயிலேறினால், அது நம் ஊர் வழியாகவே நிற்காமல் மேற்கே போகும். செவ்வாப்பேட்டை, புட்லூர் தாண்டினால் திருவள்ளூர், அங்கே நிற்கிற திருப்பதி ரயில்கள் உண்டு என்பதை அவர் சொல்லவில்லை. பொய் சொன்னார் என்று கோபிக்கவும் முடியாது.

சுற்றுவழியின் தூரம் மட்டும் பேச்சை இவ்வளவு கெடுக்காது, கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது என்றார் தம்பி. அந்த வழியில் நெரிசலும் சேர்ந்தால்தான் திண்டாட்டம். வாசலைத் தேர்ந்தெடுக்கும்போது பி.ஜி.பி. நெரிசலைப் பார்ப்பதில்லையாம். இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

மருந்து இல்லாமல் இல்லை. வட்டாரத்துக்கு ஒரு ரிப்ளெக்டர் வைக்கலாம். ஒரு வழிக்குப் பதில் இரண்டு மூன்றைச் சொல்ல வைக்கலாம், அதற்கு 2016இல் விதி எழுதினார்கள். கேட்பவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்துப் பதில் சொல்லும் முறைக்கு 2021இல்தான் விதி வந்தது. கால் நூற்றாண்டு! எங்கள் சுற்றறிக்கையில் "அல்லது அந்தந்த ஊருக்கு அருகிலுள்ள கடை" என்று ஐந்து வார்த்தை சேர்க்க ஆன காலத்தை நினைத்தால், நான் இதைக் குறை சொல்லக்கூடாது.

தங்கைக்குப் போன் செய்து, பையனுக்குப் பொறுமை இருக்கிறது, அவன் பதில்தான் மும்பையைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று சொன்னேன். "மும்பைக்கு எதுக்குண்ணா போகணும்?" என்றாள். முழுக்கதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அன்று மாலை அவன் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பேசினாளாம்.

மாடித் தம்பியின் கம்பெனியிலும் அடுத்த மாதம் சென்னையில் இன்னொரு ரிப்ளெக்டர் வைக்கிறார்கள். இந்த வேலையெல்லாம் நள்ளிரவுக்கு மேல்தான் செய்வார்களாம். கேட் சாவி ஒன்று கேட்டிருக்கிறார்.