வெறும் இரும்பு

எங்கள் வீட்டுத் திண்ணை கேட்டுக்கு அப்பா பெயின்ட் அடிக்கவில்லை. காட்டுமன்னார்கோயிலில் முப்பது வருஷம் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். தெரிந்தவர்கள் வீட்டுச் சன்னல்களெல்லாம் அவர் கைவேலை. சொந்த வீட்டு வேலை மட்டும் எப்போதும் கடைசியில். கேட்டைக் கீலில் மாட்டிவிட்டு, "வெள்ளிக்கிழம ரெட் ஆக்சைடு அடிச்சிடலாம்" என்றாராம். புதன்கிழமை ராத்திரி நெஞ்சுவலி. அவ்வளவுதான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அந்த கேட்டை உட்கார்ந்து பார்த்தேன். சதுரக் கம்பியும் பட்டையும் சேரும் இடங்களில் வெல்டிங் மீன்செதில் மாதிரி வரிவரியாகப் படிந்திருந்தது. கிடையாகப் போகும் பற்றுகளில் ஒழுங்கு குறையவில்லை. நின்ற பற்றுகளில் மட்டும் வரிகள் ஒன்றுக்கொன்று விலகி, ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து இருந்தன. கடைசி வருஷம் அவருக்குக் கை நடுங்கியது எனக்குத் தெரியாது. அம்மாவும் சொல்லவில்லை. மாதம் இரண்டு தடவை சென்னையிலிருந்து போனில் பேசுகிறவனுக்கு நடுக்கம் எங்கே தெரியப்போகிறது!

இதன்மேல் பெயின்ட் அடித்து மூடக்கூடாது என்று தோன்றியது. இரும்பு இரும்பாகவே தெரிய வேண்டும், துருவும் பிடிக்கக்கூடாது. இணையத்தில் தேடியதில் கண்ணாடி மாதிரித் தெளிவான பி.யு. கோட்டிங், அதாவது பாலியூரித்தேன், இருப்பது தெரிந்தது. 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளரும் அவருடன் இருந்தவர்களும் கண்டுபிடித்த பொருள். மெத்தையில் இருக்கும் ஸ்பாஞ்சும் அதுதான், கார்மேல் இருக்கும் பளபளப்பும் அதுதான். சிதம்பரத்தில் ஒரு கடையில் இரண்டு டின் கொடுத்தார்கள். ஒன்று பேஸ், ஒன்று ஹார்ட்னர். கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும்.

தெருவிலிருக்கும் பெயின்டர் அண்ணனிடம் கேட்டேன். "வெறும் இரும்புல நேரா அடிச்சா நிக்காது தம்பி. அதுவும் ஐப்பசியில..." என்று இழுத்தார். எனக்கு லீவு ஐப்பசியில்தான் கிடைத்தது.

அந்த வாரம் வடவாறு நிறையத் தண்ணீர் போனது. வீராணம் நிரம்பிக்கொண்டிருந்தது. காலையில் கொடியில் போட்ட துணி மறுநாளும் நமுத்தே இருக்கும். அம்மா அந்தக் கேட்டைத் தினமும் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்து வந்திருந்தாள். மேலாகக் கொஞ்சம் பழுப்பு ஏறியிருந்ததே தவிர, துரு பெரிதாக இல்லை. அந்த எண்ணெயைத் தின்னர் போட்டு எடுத்தேன். வயர் பிரஷ், உப்புத்தாள். பற்றுகளின் பக்கம் மெதுவாக. பிறகு சுத்தமாகிவிட்டதா என்று ஒவ்வொரு கம்பியையும் கையால் பிடித்துப் பார்த்தேன். வியர்வைக் கையால்.

அடித்த அன்று சாயங்காலம் பார்த்தால் படலம் முழுக்கக் குண்டூசித் தலை அளவில் கொப்புளங்கள். ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். அது பேஸில் இருக்கும் பாலியாலோடுதான் சேர வேண்டும். காற்றிலும் இரும்பின் மேலும் ஈரம் இருந்தால் அதோடும் சேர்ந்துகொள்ளும்; அப்போது கார்பன் டை ஆக்சைடு வரும். ஸ்பாஞ்சை உப்ப வைப்பதற்கும் இதே வினையைத்தான் பயன்படுத்துகிறார்கள். டின்னோடு வந்த தாளில் எல்லாம் போட்டிருந்தது: ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, காற்றின் ஈரம் பனியாகப் படியும் வெப்பநிலையைவிட இரும்பு 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஆபீஸில் டாக்குமென்ட் படிக்காமல் கோடு எழுதும் பையன்களைத் திட்டுகிறவன் நான்.

இன்னொரு வரியும் அதில் இருந்தது. ஐசோசயனேட் மூச்சில் போனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. அம்மாவுக்கு வீசிங் உண்டு. மழைக்காகத் திண்ணையில் தார்ப்பாய் கட்டி, உள்ளே உட்கார்ந்து அடித்திருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு அவள் எழுந்து உட்கார்ந்து, "நெஞ்ச அடைக்குதுடா" என்றாள். இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்தும் அடங்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், நெபுலைசர் வைத்து, விடியற்காலைதான் திரும்பினோம். வழியெல்லாம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. திண்ணையில் கால் வைத்ததும், "அந்த நாத்தம் எப்பப் போவும்?" என்றாள்.

தை மாதம் பொங்கலுக்குப் போனபோது படலத்துக்குக் கீழே துரு ஓடியிருந்தது. மண்புழு ஈரமண்ணில் ஊர்ந்த தடம் மாதிரி மெல்லிய கோடுகள். தெளிவான படலத்தில் துருவைத் தடுக்கும் துத்தநாகம் போன்ற சரக்கு எதுவும் இல்லை. ஓர் ஓரத்தில் ஈரமும் உப்பும் உள்ளே போய்விட்டால் போதும், படலத்தைத் தூக்கிக்கொண்டே துரு முன்னால் போகும். நடுக் கம்பியில் மட்டும் கோடு இல்லை. நான்கு விரல் அகலத்துக்கு நான்கு பழுப்புத் தடங்கள். என் கை! வியர்வையிலிருந்த உப்பை நானே உள்ளே வைத்து மூடியிருக்கிறேன். அப்பாவின் கைவேலை தெரியட்டும் என்று ஆரம்பித்தது இப்படி முடிந்தது.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கு என்ன அடித்தார்கள் என்று பிறகு தேடிப் படித்தேன். இரும்பின்மேல் முதலில் துத்தநாகம், அதன்மேல் எபாக்சி, அதற்கும் மேலேதான் பாலிசிலோக்சேன் என்கிற மேல்பூச்சு. கடல் நடுவில் நிற்கும் அதற்கே இரண்டு அடுக்குக்குப் பிறகுதான் மேல்சட்டை. பி.யு.வும் அப்படி மேல்சட்டைதான். வெயிலைத் தாங்கும், உரசலைத் தாங்கும். வெறும் உடம்பில் போட்டுக்கொள்வதற்கில்லை. பெயின்டர் அண்ணன் இதை ஒரே வரியில் சொல்லியிருந்தார்.

சித்திரை வெயிலில் இருவரும் சேர்ந்து கேட்டைக் கழற்றி, வீட்டிலிருந்து தள்ளிக் களத்துக்குக் கொண்டுபோனோம். படலத்தை உரிக்க கிரைண்டர் வேண்டும் என்றார். நின்ற பற்றுகளின் மேல் சக்கரம் படாமல் அவற்றை நான் கையாலேயே தேய்த்தேன். ஒரு முழு நாள் ஆனது. அவர் பீடி பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார், அவசரப்படுத்தவில்லை. "ஒங்கப்பா எங்கிட்ட ஒருநா சொன்னாரு, கை நிக்கமாட்டேங்குதுன்னு. பையன்கிட்ட சொல்லாதன்னாரு" என்றார்.

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

துணிக் கையுறையோடு துடைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு ஒரு கை. மறுநாள் இன்னொரு கை. மேலே பச்சை எனாமல். நிறம் அம்மா சொன்னது. மிச்சமிருந்த ஹார்ட்னர் டின்னைத் தேடினேன். மூடியைச் சரியாக அழுத்தாமல் வைத்திருந்ததால் ஈரம் போய், உப்பி, உள்ளே கல்லாக இறுகிக் கிடந்தது.

அம்மா இப்போதும் காலையில் கோலம் போட்டுவிட்டு அந்த கேட்டைத் துணியால் துடைக்கிறாள். எண்ணெய் வேண்டாம், பெயின்ட் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன்.

"தூசுக்குடா" என்றாள்.