தாண்டிக்குடியில் ஏலம் கண்டோம்

ஏலம், இலவங்கம், நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் சேர்ந்த மருந்தின் பெயரே 'ஏலாதி' என்னும் நூலுக்கும் ஆயிற்று என்று வகுப்பில் விளக்குவது நம் வழக்கம். "ஏலம் எதில் காய்க்கும், ஐயா?" என்று ஒரு மாணவன் வினவினான். "மரத்தில்" என்று தயங்காமல் விடை பகர்ந்தோம்.

காலாண்டு விடுமுறையில் திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகத் தாண்டிக்குடி மலைக்குச் சென்றோம். பூட்டுக்கும் புகையிலைக்கும் பேர்போன வறண்ட சமவெளி பின்தங்க, காப்பித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் எதிர்ப்பட்டன. அப்பால், பெருமரங்களின் நிழலில், ஆளைவிட உயர்ந்து இஞ்சியிலை போன்ற நீண்ட இலைகளுடன் தூறுதூறாய் ஏலச் செடிகள்! காயைத் தேடி அண்ணாந்து நோக்கினோம். தோட்டத்துப் பெரியவர் சிரித்துவிட்டார்.

"மேலே என்ன பாக்கறீங்க, வாத்தியாரையா? காலடியிலே பாருங்க."

தூரடியினின்று கிளம்பிய சரங்கள் தரையோடு படர்ந்திருந்தன. ஊதா வரியோடிய வெண்பூக்களும் பசுங்காய்களும் அவற்றில் விளங்கின. மரமாவது! இஞ்சி, மஞ்சள் குடும்பத்துப் பூண்டு அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமை மாறாக் காடே அதன் தாயகம். நிழல் மரத்தை வெட்டினால் செடி வாடும். தேனீ வாராவிடில் காய் பிடிப்பதும் அரிது. நம் காட்டில் பிறந்த இப்பயிரை இன்று உலகில் மிகுதியாக விளைவிப்பது, அதனைச் சென்ற நூற்றாண்டில் கொண்டுசென்று நட்ட குவாதமாலா நாடு என்பது நமக்கு வருத்தமே.

பறித்த காயைச் சூட்டறையில் ஏறத்தாழ ஒருநாள் உலர்த்துகிறார்கள். நாலைந்து கிலோ பசுங்காய் ஒரு கிலோவாகச் சுருங்கிவிடும். கடையில் விலை கேட்டு முணுமுணுக்கும் இல்லத்தரசிகள் இதையும் கருத வேண்டும்.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் மலைவாழைப்பழத்தோடும் தேனோடும் கூடி மணப்பது ஏலமே. பானகமும் பாயசமும் அதையே நாடும். திண்டுக்கல் பிரியாணியும் அதை விடுவதில்லை. மணம் விதையிலுள்ள எண்ணெயில் இருப்பதால், பொடித்து வைத்தால் விரைவில் போய்விடும். தோலோடு வாங்கி, வேண்டும்போது தட்டி, பாயசத்தை இறக்கும் தறுவாயில் இடுக. தோலை எறியாமல் தேயிலை டப்பாவில் போடலாம். உணவுக்குப்பின் இரண்டு விதை மென்றால் வாய் மணக்கும். செரிமானத்துக்கும் உகந்தது என்பர். சகல நோய்க்கும் அதுவே மருந்து என்பாரை நாம் நம்புவதற்கில்லை.

பள்ளி திறந்த அன்று, பெரியவர் தந்த சரமொன்றை மேசைமீது வைத்து, அம்மாணவனை அழைத்து, நம் விடை பிழையென்று வகுப்பறியச் சொன்னோம். அவன் ஒரு காயைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.