பழைய ஐகான் வாங்கலாமா?

சிறுசேரி சிப்காட்டில் வேலை கிடைத்ததும் பலரும் புது கார் எடுத்து வருஷக்கணக்கில் தவணை கட்டுகிறார்கள். கம்மி காசில் ஓட்ட ஜாலியான வண்டி வேணுமா? ஃபோர்டு ஐகானைப் பாருங்க.

நம்ம ஊர் கார்தாங்க! கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் போய் இடதுபக்கம் திரும்பினால் வரும் மறைமலைநகரில் தயாரானது. 1999இல் வந்தது, 2011 வாக்கில் நின்றது. 1.6 பெட்ரோல் எஞ்சின், 92 குதிரைத்திறன். ரோடு எப்படி இருக்குன்னு ஸ்டீயரிங் கையிலேயே சொல்லும்.

ஆனா எஞ்சின் சத்தத்தில் மயங்குறதுக்கு முன்னாடி ஆர்.சி.யைப் பாருங்க. 15 வருஷம் முடிந்தால் புதுப்பிக்கணும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022இல் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025இல் 10,000. பசுமை வரி தனி.

அடுத்தது துரு. கோவளம் பக்கம் உப்புக்காத்தில் நின்ற வண்டியா? கதவுக்கு அடியில் தடவிப் பாருங்க. எஞ்சினை மெக்கானிக் சரி பண்ணிடுவார். துரு வெட்டி ஒட்டினாலும் திரும்ப வரும்.

ஃபோர்டு இங்கே 2022இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. உதிரிபாகத்துக்கு அலையணும். ஆகவே கையில் உள்ள மொத்தக் காசையும் வண்டிக்கே கொடுத்துடாதீங்க. பாதியை ஒதுக்கி வெச்சவங்களுக்கு மட்டும்... ஞாயிறு காலை 6 மணி, இ.சி.ஆர்., ஜன்னலை இறக்குங்க!