திருகு வைத்த அடுப்பு

ஞாயிறு

மாவு அரைக்கும் நாள். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, அதோடு கொஞ்சம் வெந்தயம். உளுந்தைக் கிரைண்டரில் தனியாகப் போட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விட்டால் கல் சுற்றச் சுற்ற மாவு பொங்கி வரும். மிக்ஸியில் பிளேடு சுற்றும் வேகத்துக்கு மாவு சூடேறிவிடுகிறது, அவ்வளவு காற்றும் பிடிப்பதில்லை. அரைக்கும்போது அடைபட்ட காற்றும், ராத்திரி புளிக்கும்போது உண்டாகும் வாயுவும் சேர்ந்துதான் இட்லியை மெத்தென்று ஆக்குகின்றன.

கிரைண்டர் எங்கள் கோவையில் பிறந்தது. 1955-இல் பி. சபாபதி என்பவர் இங்கேதான் அதை உருவாக்கினார் என்பார்கள். ‘கோயமுத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆனால் அதன் அருமையை எனக்குப் புரியவைத்தவர் என் அத்தைதான். அன்னூர்ப் பக்கம் கல்யாணமாகி வந்த புதிதில் ஆட்டாங்கல்லில் ஆட்டியவர். “அப்பெல்லாம் இட்டிலி நோம்பிக்குத்தான் கண்ணு. மத்த நாளெல்லாம் கம்பஞ்சோறு, ராகிக்களி. நோம்பிக்கு மொதநாளு கையி ரெண்டும் கடுத்துப் போயிரும்” என்பார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, இன்றும் கல்லாட்டிய அந்தத் தோள்பட்டைதான் வலிக்கிறது.

இன்று அரிசியைக் கிரைண்டரில் கொட்டிச் சுவிட்சைப் போட்டவன் ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன். அந்த இயந்திரத்தில் இருப்பது ஒரே ஒரு சுவிட்ச். அத்தையும் போடலாம், அவனும் போடலாம், என் வீட்டுக்காரரும் போடலாம். அதனால்தான் எங்கள் வீட்டில் மாவு அரைப்பது யாரோ ஒருத்தியின் வேலையாக இல்லை.

திங்கள்

சிலிண்டர் தீர்ந்தது. பதிவு செய்தால் வரச் சில நாள் ஆகும். அப்படிப்பட்ட சமயத்துக்கு உதவும் என்று என் வீட்டுக்காரர் போன மாதம் வாங்கி வைத்த இண்டக்‌ஷன் அடுப்பை எடுத்தோம். அரிசிம்பருப்புச் சாதம் வைக்கலாம் என்று சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், தக்காளி எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, பழைய அலுமினியக் குக்கரை ஏற்றினால் அடுப்பு ‘கீ கீ’ என்று கத்தி அணைந்துவிட்டது.

மகன் ஓடிப்போய் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கொண்டுவந்து பாத்திரங்களின் அடியில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். காந்தம் ஒட்டினால்தான் அந்தப் பாத்திரம் இந்த அடுப்பில் சூடாகும். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் செம்புச் சுருள், நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அது பாத்திரத்தின் இரும்பு அடியில் மின்சுழல்களை எழுப்ப, பாத்திரமே சூடாகிறது. அடுப்பில் நெருப்பே இல்லை. காந்தம் ஒட்டும் அடி கொண்ட இன்னொரு குக்கர் கிடைத்தது, சாதமும் நன்றாகவே வந்தது. நெய் விட்டுத் தயிரும் அப்பளமும் வைத்துச் சாப்பிட்டோம்.

நான் எழுத நினைத்தது மதியம் நடந்ததை. நான் வேலைக்குப் போயிருந்தேன். அத்தை பால் காய்ச்ச அடுப்பை மூட்டப் பார்த்திருக்கிறார். திருகு கிடையாது, பொத்தான் கிடையாது, வழவழவென்று ஒரு கறுப்புப் பலகை. விரலில் இருக்கும் மின்தன்மையை உணர்ந்துதான் அந்தப் பலகை வேலை செய்யும். ஈரம் பட்டால் அது குழம்பும். பல வருஷம் வேலை செய்து காய்ப்பேறிய விரல் என்றால் சில நேரம் தொட்டதே அதற்குத் தெரியாது. எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் எறும்பு ஊர்ந்தது மாதிரி. தினமும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறவர் என் அத்தை. நான் சாயங்காலம் வரும்வரை காப்பி குடிக்காமல் இருந்திருக்கிறார். “எனக்கு அது புடிபடல கண்ணு” என்றார்.

ஐம்பது வருஷம் ஒரு குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டவரைப் பார்த்து ஒரு அடுப்பு ‘உனக்குத் தெரியாது’ என்று சொல்கிறது. எனக்குத் தாங்கவில்லை.

செவ்வாய்

பத்தாம் வகுப்பு மகளுக்கு அறிவியலில் மின்னியல் பாடம் நடக்கிறது. வீட்டுச் சாமான்களின் வாட் அளவைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். 1,800 வாட் இண்டக்‌ஷன் முழு வேகத்தில் இருபது நிமிடம் ஓடினால் 0.6 யூனிட். 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் சுற்றினாலும் 0.075 யூனிட்தான். குறிப்பிட்ட யூனிட் வரைதான் மின்சாரம் இலவசம் என்பதால் எதை எவ்வளவு நேரம் ஓட்டுவது என்று யோசிக்கத்தான் வேண்டும். சூடேற்றும் சாமான்தான் மின்சாரத்தைக் குடிக்கிறது, சுற்றும் சாமான் இல்லை. கணக்கை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள், தமிழில்.

புதன்

வீட்டு வேலைக்கு உதவியாக வரும் அக்கா இன்று சீக்கிரம் கிளம்பினார். சாயங்காலம் மாவு வாங்க ஆள் வருவார்களாம். 2011 செப்டம்பரில் அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியதே, அதில் வந்த கிரைண்டரில்தான் தன் தெருவுக்கு மாவு அரைத்து விற்க ஆரம்பித்தார். இப்போது அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கியிருக்கிறார். இலவசம் என்று அன்று பலர் முகம் சுளித்தார்கள். தினமும் மாவாட்டுகிற பெண்ணிடம் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த அக்காவின் பிள்ளையின் கல்லூரிச் செலவில் ஒரு பகுதியை இந்த மாவு வருமானம்தான் கட்டுகிறது.

வியாழன்

மழை. வாழைக்காய் பஜ்ஜி கேட்டான் மகன். ஏர் ஃபிரையரில் போடலாமா என்று மகள் கேட்டாள். அது விசிறி வைத்த ஒரு சின்ன ஓவன், சூடான காற்றைச் சுழற்றி மேல்புறத்தை உலர்த்தி மொறுமொறுப்பாக்குகிறது. தண்ணியாகக் கரைத்த கடலைமாவு அதில் நிற்காது, காய்ந்த எண்ணெயில் விழுந்த நொடியில் இறுகினால்தான் அது பஜ்ஜி. பஜ்ஜியை வாணலியில் போட்டோம். ஏர் ஃபிரையரில் நிலக்கடலையை வறுத்தோம், அது அருமையாக வந்தது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வேலை உண்டு, அந்த வேலைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

சாப்பிடும்போது யார் கையிலும் போன் கிடையாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான். பிள்ளைகள் பேசுவதைக் கேட்க எனக்குக் கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான், அதை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் போனை நான் பழிக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அத்தை மைக் படத்தைத் தொட்டு, “நாளைக்கு மழை வருமா?” என்று கேட்டார். அது தமிழில் பதில் சொன்னது. திருப்பூரில் இருக்கும் மகளுக்குத் தன் குரலிலேயே செய்தி அனுப்பினார். போன் இவ்வளவு கேட்கும்போது அடுப்புக்கு மட்டும் என்ன வந்தது?

வெள்ளி

அத்தையும் நானும் ஆர்.எஸ். புரம் உழவர் சந்தைக்குப் போனோம். சுரைக்காய், அரைக்கீரை, பொரியல்தட்டை வாங்கினோம். எண்ணெயும் வெயிலும் பட்டு மங்கிப்போன ஸ்கேன் அட்டை ஒவ்வொரு கடையிலும் தொங்குகிறது. 2016-இல் யுபிஐ வந்தபோது, காய்கறி விற்கும் பாட்டிகளுக்கு இதெல்லாம் எப்படிப் பழகும் என்று நானே நினைத்திருக்கிறேன். பழக்கிவிட்டது ஒரு சின்னப் பெட்டி. பணம் வந்ததும் தமிழில் தொகையைச் சொல்கிறது. கீரை விற்கும் அம்மா போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டி சொன்னதைக் கேட்டார், தலையசைத்தார், அடுத்த கட்டை எடுத்தார். அவருடைய கை கீரையை விட்டு நகரவே இல்லை.

இப்படி ஒரு பெட்டியைச் செய்ய முடிந்தவர்களுக்கு ஒரு அடுப்பில் ‘பால்’, ‘சாதம்’, ‘நிறுத்து’ என்று மூன்று சொல் எழுதுவது எப்படிக் கஷ்டமாகும்?

சனி

இன்று சந்தகை. புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்து, இட்லியாக அவித்து, ஆவி அடங்கும் முன் பிழிய வேண்டும். ஆறினால் மாவு இறுகிப்போகும், பிழிய முடியாது. அத்தையின் அம்மா வீட்டிலிருந்து வந்த சந்தகை பிழியும் இரும்புக் கருவி எங்களிடம் இருக்கிறது. ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் அழுத்த, ஒருவர் சூடான இட்லியை எடுத்துக் கொடுக்க வேண்டும். தனியாளாகச் செய்ய முடியாத பலகாரம் அது. இவர் அழுத்தினார், மகன் பிடித்தான், மகள் இட்லி எடுத்துக் கொடுத்தாள். அத்தை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “அமுத்திப் புழி சாமி, நூலு அறுக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாதியை எலுமிச்சை பிழிந்து தாளித்தோம், பாதிக்குத் தேங்காய்ப் பாலும் வெல்லமும்.

சாயங்காலம் கிராஸ்கட் ரோட்டுக்கு எல்லோருமாகப் போனோம். கடைப் பையன் நல்ல மாதிரியாக நாலைந்து இண்டக்‌ஷன் அடுப்புகளை எடுத்து வைத்தான். விலையையும் வாட்டையும் என்னிடமும் இவரிடமும் சொல்லிக்கொண்டே போனான். “அவங்ககிட்டச் சொல்லுங்க தம்பி, அவங்கதான் பாக்கணும்” என்றேன். அத்தை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். ஒன்றில் திருகு இருந்தது. வலப்பக்கம் திருப்பினால் சூடு ஏறும், இடப்பக்கம் திருப்பினால் இறங்கும், முழுக்கத் திருப்பினால் அணையும். “இது கேஸ் அடுப்பாட்டவே இருக்குது. இதையே எடு” என்றார். கறுப்புப் பலகை அடுப்பை விட இது விலையும் குறைவு. அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த இரண்டு இடத்திலும் வீட்டுக்கு வந்ததும் மகள் தமிழில் எழுதி ஒட்டினாள். எட்டு மணிக்கு அத்தையே பால் காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்தார்.

கருவி புதிதா பழையதா என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு கைக்கும் அது எட்ட வேண்டும். எட்டினால் வேலை நாலு பேருக்குப் பிரியும். எட்டாவிட்டால் வேலை ஒருத்தியின் தலையில் அப்படியே இருக்கும், ஒரு பெரியவர் காப்பிக்காகக் காத்துக்கொண்டு இருப்பார்.

அடுப்பும் மிக்ஸியும் துவைக்கும் இயந்திரமும் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திருகு வையுங்கள், தமிழில் எழுதுங்கள், எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வீட்டில் அதைத் தினமும் யார் தொடப் போகிறாரோ, அவரைக் கடைக்கு அழைத்துக்கொண்டு போங்கள். அவர் தொட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகு பணத்தைக் கொடுங்கள்.