ஃப்ரீஸரில் வைத்த சிலந்தி

தலைப்பைப் பார்த்துவிட்டு சமையல் குறிப்பு என்று ஓடி வந்தவர்கள் மன்னிக்கவும் :-) இது போட்டோ பிடிக்கிற கதை. கொஞ்சம் பாவக் கதையும் கூட.

2022 ஜூனில் எனக்கு புவனேஸ்வருக்கு மாற்றல் வந்தது. நாகர்கோவில்காரனுக்கு ஒடியாவும் தெரியாது, அக்கம்பக்கத்தில் ஆளும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் சோபாவும் செல்போனும்தான். "இப்படியே உக்காந்திருந்தா வேர் பிடிச்சிரும்" என்று தங்கமணி பரணில் கிடந்த பழைய நிக்கான் டி90 கேமராவை எடுத்து மடியில் வைத்தாள். அப்படி ஆரம்பித்ததுதான் இந்த மேக்ரோ பைத்தியம்.

மேக்ரோ லென்ஸ் விலையைக் கேட்டதும் பி.காம் மூளை விழித்துக்கொண்டது. அதற்குக் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. என்னிடம் இருந்த 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி, ஒரு சின்ன வளையத்தால் கேமராவில் மாட்டினால் போதும். பூச்சியின் உருவம் ஏறக்குறைய அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழும். ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. மூணு நாலு அங்குலம் வரை நெருங்கிப் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, உடம்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். எஃப் 11 வைத்தால்கூட தெளிவாக விழுகிற ஆழம் ஒரு மில்லிமீட்டர் தேறாது. ஃப்ளாஷ் வெளிச்சம் கண்ணாடி போல் அடிக்காமல் இருக்க, டிவி பெட்டியில் வந்த வெள்ளை ஃபோம் தாளை முன்னால் கட்டிக்கொண்டேன்.

முதலில் சிக்கியது பால்கனி கறிவேப்பிலைத் தொட்டியில் குடியிருந்த தாவும் சிலந்தி. வலை கட்டி உட்காராது, பூனை மாதிரி பதுங்கித் தாவும். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது அசந்துவிட்டேன். முகத்தில் வரிசையாக நான்கு கண்கள், நடுவில் இரண்டு மட்டும் கோலிக்குண்டு போல. மீதி நான்கு தலையின் பக்கவாட்டில். (சிலந்தி பூச்சி இனமே இல்லை என்பதும் நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பூச்சிக்கு ஆறு கால், இதற்கு எட்டு!)

ஏழாம் வகுப்புப் படிக்கிற மகள் அதற்கு சுப்பு என்று பெயர் வைத்தாள். கண்டுபிடிப்பது அவள், படம் எடுப்பது நான். எதிரே மாமரத்தில் முசுறு எறும்பு இலையைத் தைத்துக் கூடு கட்டியிருந்தது. நம்ம ஊர் முசுறேதான், கடியும் அதே கடி. மயூர்பஞ்சுக்காரரான கிளை நண்பர், அதை அரைத்துச் செய்கிற 'காய்' சட்னிக்கு 2024இல் புவிசார் குறியீடே கிடைத்தது என்று பெருமையாகச் சொன்னார். அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் முன்னங்காலை உணர்கொம்பு போலத் தூக்கிக்கொண்டு நடந்தது. "அப்பா, அது எறும்பில்ல, கால எண்ணிப் பாரு" என்றாள் மகள். எட்டு! எறும்பு வேஷம் போட்ட சிலந்தி. அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் தீபாவளி.

இனி பாவத்துக்கு வருகிறேன்.

சுப்பு ஒரு இடத்தில் நிற்காது. ஐம்பது படம் எடுத்தால் ஒன்று தேறும். பேங்க்கில்தான் டார்கெட் என்றால் இங்கேயும் எனக்கு டார்கெட் வெறி. குளிரில் வைத்தால் சற்று நேரம் அசையாது என்று எங்கோ படித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் டியூஷன் போயிருந்தபோது சுப்புவைச் சின்ன டப்பாவில் பிடித்து ஃப்ரீஸரில் வைத்தேன். பத்து நிமிஷம் என்பதுதான் கணக்கு. அதற்குள் ஆபீஸிலிருந்து போன், ஒரு வராக்கடன் விவரம். பேசி முடித்து நினைவு வந்தபோது ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

எடுத்து இலையில் வைத்தேன். அசையாமல் உட்கார்ந்திருந்தது. மயக்கம்தான், வெயில் பட்டால் எழுந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நாற்பது படம் எடுத்தேன். நான் எடுத்ததிலேயே சிறந்த படம் அதில்தான் விழுந்தது. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் கைதட்டல் மழை.

சாயங்காலம் மகள் இலையைப் பார்த்தாள். எட்டுக் காலும் உள்ளே மடங்கியிருந்தன.

"செத்துப் போச்சாப்பா?"

"தெரியல மக்களே" என்றேன். பொய். அவள் ஒன்றும் பேசவில்லை, உள்ளே போய்விட்டாள்.

ஏன் கால் மடங்கியது என்று பிறகு தேடிப் படித்தேன். சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு. ஆனால் முக்கியமான மூட்டுகளை நீட்டத் தசை கிடையாது. உடம்புத் திரவத்தை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தித்தான் நீட்டுகிறது. உயிர் போனால் அழுத்தம் போய்விடும், கால் தானாக மடங்கிவிடும். படத்தைத் திரும்பப் பார்த்தேன். முன்னங்கால்கள் அப்போதே லேசாக உள்ளே வளைந்திருந்தன. கைதட்டிய யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

கள்ள நோட்டு என்று தெரிந்த பிறகு அதைத் திரும்பப் புழக்கத்தில் விடக்கூடாது என்பது பேங்க்கில் பாலபாடம். மறுநாள் குழுவில் எழுதினேன்: "அந்தப் படத்திலிருப்பது உயிரோடு இல்லை. என் அவசரத்தால் செத்தது." மகளிடமும் அதையே சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். ஒரு மாதம் அவள் என்னோடு பால்கனிப் பக்கம் வரவில்லை.

டிசம்பரில் அதிகாலை ஐந்தரைக்கு எழுந்து கீழே தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். குளிரில் பூச்சிகள் தாமாகவே பனித்துளியோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறினால் அதது வேலைக்குக் கிளம்பிவிடும். நான் படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதற்கொன்றும் நஷ்டமில்லை.

ஒரு காலையில் நான் திரும்பி வந்தபோது பால்கனியிலிருந்து மெல்லிய குரல். "அப்பா, சத்தம் போடாம வா."

கறிவேப்பிலை இலையில் இன்னொரு தாவும் சிலந்தி. மண்டியிட்டு, மூச்சைப் பிடித்து, ஃபோகஸ் வந்து, பட்டனை அமுக்கப் போகிற நொடியில் அது ஒரே தாவாகத் தாவி என் லென்ஸ் மேலேயே உட்கார்ந்துகொண்டது. படம் கிடைக்கவில்லை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பி.கு: அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வைக்க மாட்டாளாம்.