இடர் யாருக்கு?

முதலீட்டுத் தொகுப்பு மேலாண்மை என்ற தாளின் முதல் வாரத்திலேயே 'இடர்' என்னும் சொல்லுக்கு வரையறை கிடைத்துவிடுகிறது. ஒரு பங்கின் வருவாய் அதன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதே அதன் இடர். அளவையின் பெயர் திட்ட விலக்கம். 2024 ஜூலையில், ஐதராபாத்திலுள்ள ஒரு பல்கலைக்கழக வகுப்பறையில், மூன்றாம் பருவ மாணவி ஒருத்தி அதைக் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டாள். மும்பை செம்பூரில் வளர்ந்த தமிழ்ப்பெண் அவள். பணத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரல் தாழ்ந்துவிடும் வீடு அவளுடையது. அந்த அச்சத்தை ஒரே எண்ணால் சொல்லிவிடலாம் என்பது அவளுக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

அடுத்து வந்தவர் ஹாரி மார்க்கோவிட்ஸ். ஒரு பங்கு தனியே எவ்வளவு ஆடுகிறது என்பதைவிட, பங்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து எப்படி ஆடுகின்றன என்பதே முக்கியம் என்று 1952இல் அவர் கணிதத்தால் காட்டினார். பயிற்சிக்காக அவள் நிஃப்டி பட்டியலிலிருந்து 10 நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, 60 மாத வருவாயைத் திரட்டினாள். பத்துத் தனி விலக்கங்கள், நாற்பத்தைந்து இணை உறவுகள், ஆக 55 எண்கள். எக்செல்லின் 'சால்வர்' நொடியில் விடை தந்தது. ஆறு நிறுவனங்களுக்குச் சுழியம்; பணம் முழுவதும் நான்கில். கணக்கெடுத்த காலத்தை 12 மாதம் முன்னே நகர்த்தியதும் அந்த நான்கில் இரண்டு காணாமற்போயின. "உள்ளே போகும் மதிப்பீட்டில் இருக்கும் பிழையைத்தான் இந்த முறை பெரிதாக்கும், ரிச்சர்டு மிஷோ 1989லேயே இதை எழுதிவிட்டார்" என்றார் பேராசிரியர். அவள் அதையும் குறித்துக்கொண்டாள். கருவியின் குறை தெரிந்ததால் கருவியின் மீதிருந்த மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

அக்டோபரில் அவளுடைய அப்பா அறுபது வயதில் பணி ஓய்வு பெற்றார். தனியார் தொழிற்சாலை ஒன்றில் பண்டகக் காப்பாளர். ஓய்வூதியம் என்று சொல்லத்தக்கது இல்லை. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் சேர்ந்து 22 லட்சம். வீட்டில் நிதி படித்தவள் அவள் ஒருத்திதான். இரண்டு இரவு உட்கார்ந்து திட்டம் வகுத்தாள்: அறுபது விழுக்காடு குறியீட்டு நிதியில், மீதி கடன்பத்திர நிதியில். தொலைபேசியில் அம்மாவிடம் விளக்கினாள்.

"இதுல ரிஸ்க் கம்மிம்மா."

"கம்மின்னா யாருக்குக் கம்மி?"

அவளிடம் விடை இல்லை. வகுப்பில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அம்மாவின் கேள்வி முழுக்க ஓர் உருபில் நிற்கிறது. 'பங்கினது இடர்' என்பது ஆறாம் வேற்றுமை, உடைமைப் பொருள். நிறமும் எடையும் ஒரு பொருளுக்கு உரியவையாக இருப்பதுபோல இடரும் அந்தப் பங்குக்கு உரிய பண்பாகிவிடுகிறது. பங்கை வாங்குவது யாராயினும் அது மாறாது. 'அப்பாவுக்கு இடர்' என்பதோ நான்காம் வேற்றுமை. இங்கே இடர் ஒருவரை நோக்கி வருகிறது. வந்து சேரும் இடம் தெரியாமல் அதை அளக்க முடியாது. பேச்சுவழக்கில் 'ஆபத்து' பெரும்பாலும் இந்தக் 'கு' உருபோடுதான் வருகிறது: உயிருக்கு ஆபத்து, குடும்பத்துக்கு ஆபத்து. பரஸ்பர நிதி விளம்பரங்களின் இறுதியில் விரைந்து படிக்கப்படும் எச்சரிக்கையில், சந்தை அபாயங்களுக்கு உட்படுபவை முதலீடுகள். எழுவாய் முதலீடுதான்; முதலீட்டாளர் அந்தக் கூற்றில் இல்லவே இல்லை.

இந்த வேறுபாட்டைத் துறை அறியாமலில்லை என்பதை அவள் நூலகத்தில் கண்டாள். மார்க்கோவிட்ஸ் எழுதிய அதே 1952இல் ஏ. டி. ராய் என்பவர் 'எக்கனாமெட்ரிகா' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பிலேயே 'முதலில் பாதுகாப்பு' என்ற கருத்து இருந்தது. எந்த அளவுக்குக் கீழே போனால் ஒருவருக்குப் பேரிழப்போ அந்த அளவை முதலில் குறித்துக்கொண்டு, அதற்குக் கீழே விழும் வாய்ப்பைக் குறைக்க வேண்டும் என்பது ராயின் வழி. அந்தக் கோடு சந்தையிலிருந்து கிடைக்காது. முதலிடுபவரைக் கேட்டுத்தான் பெற வேண்டும். 1990இல் நோபெல் பரிசு மார்க்கோவிட்ஸுக்குக் கிடைத்தது. மெர்ட்டன் மில்லரும் வில்லியம் ஷார்ப்பும் அதைப் பகிர்ந்துகொண்டனர். பின்னாளில் மார்க்கோவிட்ஸே, இத்துறையின் தந்தை என்ற பெருமையில் ராய்க்கும் சமபங்கு உண்டு என்று எழுதினார். அவளுடைய பாடநூலில் ராய்க்குக் கிடைத்தது ஒரு பத்தி.

2020 மார்ச் 23ஐ அவள் மீண்டும் எடுத்துப் பார்த்தாள். அன்று ஒரே நாளில் நிஃப்டி ஏறத்தாழ 13 விழுக்காடு சரிந்தது. வெவ்வேறு துறைகளின் பங்குகள் கூட்டாக விழுந்தன. பரவலாக்கம் அன்று பெரிதாகக் கைகொடுக்கவில்லை. அதே ஆண்டு நவம்பருக்குள் குறியீடு பழைய உச்சத்தைக் கடந்தது. காத்திருக்க முடிந்தவருக்கு அது எட்டு மாதக் கவலை. ஏப்ரலில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தவருக்கு அது மீளாத இழப்பு. பங்கு ஒன்றே, திட்ட விலக்கமும் ஒன்றே. இடர் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

விடுதியிலும் இதற்கு ஒரு சான்று இருந்தது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குச் சந்தையின் முன்பேர, விருப்ப வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர் என்று செபியின் ஆய்வு அந்தச் செப்டம்பரில் வெளியாகியிருந்தது. அறைத்தோழி அவர்களுள் ஒருத்தி. அவள் இழந்தது பருவக் கட்டணம். இடரைச் சரியாகக் கணக்கிடத் தெரிந்தவள்தான். வகுப்பில் அந்தக் கணக்குக்கு முழு மதிப்பெண் பெற்றவள்.

ஆகவே மாணவி எக்செல்லை மூடிவிட்டு, ஒரு தாளில் மூன்று கட்டங்கள் வரைந்தாள்: யாருக்கு, எப்போது, எவ்வளவு. வீட்டாரிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினாள். தம்பிக்கு இன்னும் இரண்டு ஆண்டுக் கட்டணம். அம்மாவுக்குத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த முழங்கால் அறுவை. வீட்டுக்கு மாதச் செலவு. அதன்பின் பணம் தானாகவே பிரிந்தது. 15 லட்சம் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில்; 8.2 விழுக்காடு வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும். கட்டணத்துக்கும் அறுவைக்கும் 4 லட்சம் வங்கி வைப்பில். 5 லட்சம் வரையிலான வைப்புக்குக் காப்பீடு உண்டு. எஞ்சிய 3 லட்சம் மட்டும் குறியீட்டு நிதியில், ஏழு ஆண்டுகளுக்குத் தொடுவதில்லை என்ற உறுதியோடு. வருவாய் குறைந்த திட்டம்தான். ஆனால் அப்பா அதை ஒரே முறை கேட்டுவிட்டுச் சரி என்றார்.

அந்தத் தாளையே தன் பருவ ஆய்வேட்டின் முதல் பக்கமாக வைத்துப் பேராசிரியரிடம் கொடுத்தாள். அவர் நெடுநேரம் பார்த்தார். "மார்க்கோவிட்ஸின் முறை தப்பில்லை, அது இந்தப் பக்கத்துக்குப் பிறகு தொடங்க வேண்டியது" என்றார். பிறகு, "ஒரு வரி விட்டுப்போயிருக்கிறதே. உன் படிப்புக்கு யார் பணம்?" என்று கேட்டார்.

விட்டுப்போயிருந்தது உண்மைதான். 4 லட்சம் கல்விக்கடன். படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கும். கூட்டுக் கடனாளி அப்பா. பரவலாக்கத்தைப் பற்றி ஒரு பருவம் முழுதும் படித்தவள், அந்த வீடு ஒரே இடத்தில் போட்டிருந்த மிகப்பெரிய முதலீடு தான்தான் என்பதை எந்த அட்டவணையிலும் சேர்த்திருக்கவில்லை.

அன்றிரவு நான்காவது வரியை எழுதினாள். எப்போது, எவ்வளவு என்ற கட்டங்கள் உடனே நிரம்பின. முதல் கட்டத்தில் 'எனக்கு' என்று எழுதி, அடித்துவிட்டு, 'அப்பாவுக்கு' என்று எழுதினாள். வளாக நேர்காணல்கள் தொடங்க அப்போது ஆறு வாரம் இருந்தது.