பாட்டி போன்ல நேரம் தெரியலை

 

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க. நம்ம ஆலய இணையத்தளத்தைப் பார்த்துக்கிற தொண்டன் என்ற முறையில ஒரு தப்பை ஒத்துக்கணும்.

போன திருவிழாவுல ஒருநாள் சாயங்காலம் ஏழு மணி. டெங்கில் தாமான் பெர்மாத்தாவுல இருந்து ஒரு பாட்டி பால் குடத்தோட வந்தாங்க. புத்ராஜெயா வர்றதுக்கு முன்னாடி பெராங் பெசார் தோட்டத்துல பால்மரம் சீவினவங்க. அன்னிக்கு அவங்க குடும்ப உபயம். இறந்துபோன தாத்தா பேர்ல வருஷா வருஷம் செய்றது. ஆனா அந்த வருஷம் அபிஷேகத்தை 6 மணிக்கு மாத்தியிருந்தோம். அவங்க வந்தப்போ அலங்காரமே முடிஞ்சிருச்சு.

"வெப்சைட்ல போட்டிருந்தோமே பாட்டி"ன்னு சொன்னேன். அவங்க போனை நீட்டி, "எங்கய்யா போட்டிருக்கு?"ன்னு கேட்டாங்க.

பார்த்தேன். தேதி இருந்தது, உபயம் இருந்தது, குடும்பப் பேர் பாதி இருந்தது. நேரம் இல்லை.

என் லேப்டாப்ல அந்த அட்டவணை அழகா இருக்கும். அகலம் 960 பிக்சல்னு நானே கட்டிப்போட்டிருந்தேன். பாட்டி போனோட திரை அகலம் 360. மிச்சம் எல்லாம் வலது பக்கம் வெளிய போயிருச்சு. பக்கம் ஆடக்கூடாதுன்னு, வெளிய போறதை மறைக்கிற ஒரு வரியையும் நானே எழுதியிருந்தேன். அதனால விரலால தள்ளிப் பார்க்கவும் வழியில்லை.

குருக்கள் மறுநாள் காலையில அந்தப் பாலை வெச்சு சங்கல்பம் செஞ்சு வெச்சார். பாட்டி எதுவும் சொல்லலை. ஆனா தாத்தாவோட நாள் முந்தின நாள்தான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. படிக்க ஆரம்பிச்சேன். 2010-ல ஈத்தன் மார்க்காட் என்ற வடிவமைப்பாளர் இதுக்கு 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்'னு பேர் வெச்சார். ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி தளம் வேண்டாம், ஒரே பக்கம் திரைக்குத் தகுந்த மாதிரி மாறணும் என்பதுதான் விஷயம். நம்ம அன்னதானத்துலயே இது இருக்கு. இலை சின்னதா இருந்தா பரிமாறுறவர் கூட்டையும் பொரியலையும் நெருக்கி வைப்பார். இலைக்கு வெளிய வைக்க மாட்டார்.

செஞ்ச மாற்றங்கள் இவ்வளவுதான்:

1. நிலையான அகலத்தை எடுத்துட்டு விழுக்காட்டுல கொடுத்தேன். மறைக்கிற வரியையும் நீக்கினேன்.

2. திரை 600 பிக்சலுக்குக் கீழ போனா, அட்டவணையோட ஒவ்வொரு வரியும் தனி அட்டையா மாறும். நேரம் முதல்ல, பெரிய எழுத்துல வரும்.

3. 'திருப்பணிக்குழுவினருக்கு' மாதிரி நீளமான சொல் பெட்டியை விட்டு வெளிய போகாம அடுத்த வரிக்கு உடையும். வரி இடைவெளியையும் கூட்டினேன். இல்லன்னா நம்ம எழுத்தோட மேல் சுழி வெட்டுப்படுது.

4. இரண்டு விரலால பெரிசாக்குறதைத் தடுத்து வெச்சிருந்தேன். திறந்துட்டேன். வயசானவங்களுக்கு அதுதான் மூக்குக்கண்ணாடி.

5. அறிவிப்பைப் படமா மட்டும் போடுறதை நிறுத்தினோம். பெரிய போஸ்டர் சின்னத் திரையில சுருங்கிப்போகும், எழுத்து மடிஞ்சு அடுத்த வரிக்கு வராது. இனிமே படத்துக்குக் கீழ எழுத்தாவும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் வாசல்ல நின்னு, வந்தவங்க போனையெல்லாம் வாங்கிப் பார்த்தேன். கீறல் விழுந்த பழைய போன், பேரன் கொடுத்த டேப்லெட், எழுத்தை ரொம்பப் பெரிசா வெச்சிருந்த ஒரு அக்காவோட போன். பக்கத்துலயே சைபர்ஜெயா இருக்குன்னு பெருமையாச் சொல்லிக்கிறோம். ஆனா நம்ம தளத்தைப் பார்க்கிறவங்க கையில இருக்கிறது இந்தப் போன்கள்தான். நான் ஒருதடவைகூட வாங்கிப் பார்த்ததில்லை.

கடைசியா பாட்டி வீட்டுக்குப் போய்க் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துட்டு, "மணி மேலயே இருக்கு தம்பி"ன்னாங்க. அடுத்த வருஷ உபயத்துக்கும் அப்பவே பேர் கொடுத்துட்டாங்க.

உங்க போன்லயும் ஒருதடவை திறந்து பாருங்க. எதாவது வெட்டுப்பட்டுத் தெரிஞ்சா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க. சங்கடப்பட வேண்டாம், அதுவும் திருப்பணிதான்.